பழவேற்காட்டிலிருந்து பாட்டர்ஸ் சாலைக்கு

சென்னை மாநகரில் ஒவ்வொரு வணிகத்திற்கும் ஒரு தெரு உண்டு. திருமண அழைப்பிதழுக்கும் காகிதத்திற்கும் பாரிமுனையை அடுத்த ஆண்டர்சன் தெரு. மின்னணுக் கருவிகளுக்கு ரிச்சி தெரு. கழற்றி விற்கப்படும் பழைய வாகன உறுப்புகளுக்குப் புதுப்பேட்டை. அவ்வாறே கார்களுக்குரிய டயருக்கும் துணைப் பொருள்களுக்கும் பெயர்பெற்றது, அண்ணா சாலையிலிருந்து பிரிந்து இராயப்பேட்டைப் பக்கம் செல்லும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலை. கிதாபுகளும் சதகமும் ஜகாத்துக் கணக்குமாகக் காலம் கழிக்கும் ஒரு மதரஸா ஆசிரியனுக்கு அந்தச் சாலையில் என்ன வேலை என்று வாசக நேயர்கள் வினவக்கூடும். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என் மச்சானுக்குத் துணையாக அங்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தது. அன்று கண்டதும் கேட்டதும், பழைய காரை வீட்டில் வைத்திருக்கும் பல குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே பதிவு செய்கின்றேன்.

மச்சான் என் துணைவியாரின் மூத்த சகோதரர். அவரிடம் உள்ளது 1999-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி மருத்துவமனைக்கும், உறவினர் நிக்காஹ்களுக்கும், எப்போதாவது மண்ணடிக்கும் செல்வதோடு அதன் ஓட்டம் முடிந்துவிடும். எஞ்சிய நாள்களில் வேப்பமரத்தடியில் நிற்கும். ஆண்டொன்றுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இந்நிலையில் அவருடைய மகளுக்குத் திருச்சியில் கல்லூரியில் இடம் கிடைத்தது. மாமியார், மகள், மனைவி, இளைய மகன் ஆகியோரையும், விடுதிக்குரிய பெட்டி படுக்கைகளையும் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் செல்ல வேண்டும். எண்பத்திரண்டு வயதான மாமியாருக்குப் பேருந்தும் ரயிலும் ஒத்துவருவதில்லை.

பயணத்திற்கு முன் வண்டியைச் சோதித்த பொன்னேரி மெக்கானிக், எஞ்சினிலும் பிரேக்கிலும் குறை சொல்லவில்லை. டயர்களை மட்டும் மாற்றச் சொன்னார். மச்சானுக்கு வியப்பு, சற்றே கோபமும்கூட. "பட்டன் பாதிகூடத் தேயவில்லை, மச்சான். எதற்கு மாற்ற வேண்டும்?" என்று என்னிடம் கேட்டார். கடைத்தெரு வழக்கில் பட்டன் என்பது தரையைப் பற்றும் மேற்பரப்பின் பள்ளமும் மேடும். அவர் சொன்னது உண்மையே. பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. ஆனால் பக்கச் சுவரை உற்று நோக்கியபோது, கோடையில் எங்கள் ஏரி வற்றுங்கால் கரைச்சேறு வெடிப்பதைப் போன்ற மெல்லிய கீறல்கள் வளையமாக ஓடின.

காலையில் புறப்பட்டு, பொன்னேரி, மீஞ்சூர் கடந்து, மணலி புதுநகர் வழியாகச் சென்றோம். துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் ஓயாது ஓடும் சாலை அது. ஓரங்களில் பாம்புச் சட்டையைப் போலக் கறுப்பு ரப்பர்ப் பட்டைகள் கிடந்தன. காற்றுக் குறைந்த நிலையில் பாரமேற்றி ஓடும் டயரின் பக்கச் சுவர், ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி விரியும். அந்த மடக்கத்தில் வெப்பம் பிறக்கும். வெப்பம் ஏற ஏற உள்ளிருக்கும் நூலடுக்கும் கம்பி அடுக்கும் ரப்பரிலிருந்து பிரியும். பிறகு ஒரு நொடியில் எல்லாம் கிழிந்து பறக்கும். காருக்கும் இதே விதிதான். மச்சான் அப்பட்டைகளைக் கண்டும் ஒன்றும் பேசவில்லை. எனினும் வண்டியின் வேகம் ஐம்பதுக்கு மேல் செல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

திருவொற்றியூரைக் கடக்கும்போது டயர் வாங்கச் செல்வோர் ஒரு கணம் திரும்பிப் பார்க்கத்தக்க இடம் ஒன்று உண்டு. கே. எம். மம்மன் மாப்பிள்ளை 1946-இல் ஒரு சிறு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கியது இவ்வூரில்தான். அதுவே பின்னர் மெட்ராஸ் ரப்பர் பேக்டரி, அதாவது எம்.ஆர்.எப். ஆயிற்று. இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அரக்கோணம் என்று சென்னையைச் சுற்றிப் பல நிறுவனங்களின் டயர் ஆலைகள் நிற்கின்றன. உற்பத்தியாகும் இடத்தின் அருகிலேயே வாழும் நம்மவருள் டயரின் மேலுள்ள எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

பாட்டர்ஸ் சாலையில் நாங்கள் நுழைந்த கடை அகலம் குறைந்தது, நீளம் மிகுந்தது. புது ரப்பரின் காரமான வாசனை வாயிலிலேயே எதிர்கொண்டது. கடை உரிமையாளர் என் தொப்பியையும் தாடியையும் கண்டு, "வாங்க ஹஜ்ரத், உட்காருங்க" என்று இருக்கை தந்தார். விலை பேசுவதற்கு முன் அவர் செய்த முதல் காரியம் என்னைக் கவர்ந்தது. ஒரு பையனைக் கைவிளக்குடன் காரின் அடியில் அனுப்பினார். "நாலு நம்பரையும் பார்த்துச் சொல்லு" என்றார்.

அந்த நான்கு இலக்கங்களே இந்தக் கட்டுரையின் உயிர்நாடி எனலாம். டயரின் பக்கச் சுவரில், டி, ஓ, டி என்னும் ஆங்கில எழுத்துகளை அடுத்து வரும் குறியீட்டின் இறுதியில், பெரும்பாலும் முட்டை வடிவக் கட்டத்துக்குள், நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலிரண்டும் ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதையும், பின்னிரண்டும் எந்த ஆண்டு என்பதையும் குறிக்கும். பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் வெளியே நின்று பார்ப்பவருக்குத் தென்படாது. பையன் கீழிருந்து குரல் கொடுத்தான்: "இருபத்திரண்டு, பதிமூணு." அதாவது 2013-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். நான்கும் ஒரே காலத்தவை, பன்னிரண்டு வயது. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் 0509. ஒருமுறையும் தரையில் உருளாத அந்த டயருக்கு வயது பதினாறு!

பள்ளம் தேயாத டயர் எப்படிக் கிழடாகும் என்ற மச்சானின் ஐயத்துக்குக் கடைக்காரர் எளிமையாக விளக்கம் தந்தார். வெயிலும், காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுகச் செய்து வெடிக்க வைக்கும். அதைத் தடுப்பதற்காகவே தயாரிக்கும்போது ஒருவித மெழுகைக் கலக்கிறார்கள். டயர் உருண்டு மடங்கி விரியும்போது அம்மெழுகு கசிந்து மேற்பரப்பில் படிந்து காக்கும். நின்றபடியே இருக்கும் வண்டிக்கு அந்தக் காப்பு குறைவு. ஆகவே, அரிதாக ஓடும் குடும்பக் காரின் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதால் சாகிறது. ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றும், பத்தாண்டைக் கடந்தால் ஸ்டெப்னி உட்படத் தோற்றம் எவ்வாறிருப்பினும் மாற்றிவிட வேண்டும் என்றும் பெரிய டயர் நிறுவனங்களே அறிவுறுத்துகின்றன. நம் நாட்டுச் சட்டம் கார் டயருக்குக் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும் என்கிறது. பள்ளங்களுக்கு இடையே சிறு மேடுகள் அந்த உயரத்தில் வைக்கப்பட்டிருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்தால் டயரின் காலம் முடிந்தது. நம்மில் பலர் அறிந்த ஒரே சோதனை இது. எங்கள் மச்சானின் டயர்கள் அதில் சிறப்பாகத் தேறியவை என்பதுதான் இடர்.

அடுத்து அளவு. 145/70 ஆர் 12 என்பது அந்தக் காரின் அளவு. 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச் சுவரின் உயரம் என்பது. ஆர் என்பது ரேடியல். 12 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். இவ்வளவில் இப்போது வரும் புதிய கார்கள் மிகக் குறைவு. ஆதலால் கடைகளில் சரக்கு குறைவு. பக்கத்துக் கடையில், "அது இல்லை பாய், 145/80 போட்டுக்குங்க, அதே பன்னிரண்டுதான்" என்றார்கள். காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்கிட்டேன். முன்னதன் மொத்த உயரம் ஏறக்குறைய 508 மில்லிமீட்டர், பின்னது 537. ஆறு விழுக்காட்டை நெருங்கும் வேறுபாடு. முள் 80 எனக் காட்டும்போது வண்டி 84-ஐத் தாண்டி ஓடும். சக்கரத்தை முழுதும் ஒடித்தால் உள்ளே உரசவும் கூடும். ரிம் அளவு ஒன்று என்பதனால் டயர் அளவு ஒன்றாகிவிடாது.

அளவின் அருகில் 69 எஸ் என்றும் இருக்கும். 69 என்பது ஒரு டயர் 325 கிலோ பாரம் தாங்கும் என்பதற்கான குறி. எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வரையிலான வேகம். மாருதி 800-க்கு அந்த வேகம் கனவிலும் வராது. பாரக்கணக்கே முக்கியம். ஏறத்தாழ 650 கிலோ வண்டி, ஐந்து பேர், பெட்டிகள் என்று கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டும். நான்கு டயரும் சேர்ந்து தாங்குவது 1,300. மிச்சம் பெரிதன்று, அதுவும் காற்று சரியாக இருந்தால்தான். (அம்பாசிடர் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல்: 5.90-15 என்ற பழைய குறுக்கிழை டயரையும் ரேடியலையும் கலந்து மாட்டாதீர்கள். இரண்டின் போக்கும் வேறு.)

அரிய அளவு என்றால் வேறோர் எச்சரிக்கையும் தேவை. விற்பனை மந்தமானதால் "புதிய" டயரே கடைப் பரணில் முதுமை அடைந்திருக்கலாம். முதலில் எங்களுக்குக் காட்டிய ஒன்று மூன்றாண்டுக்கு முந்தையது. கேட்டதும் முகம் சுளிக்காமல் கிடங்கிலிருந்து ஆறு மாதத்துக்கு உட்பட்டவற்றை வரவழைத்தார். கேட்காதவருக்கு எது போகும் என்பதை நேயர்களின் ஊகத்திற்கு விடுகிறேன்.

இடையில் ஓர் இக்கட்டு. எங்கள் ஊரின் உப்புக்காற்று எந்த இரும்பையும் விடுவதில்லை. ரிம்களுள் இரண்டின் விளிம்பு துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தது. ட்யூப்லெஸ் டயர் அந்த விளிம்பை அழுத்திப் பிடித்துத்தான் காற்றைக் காக்க வேண்டும். துருவின் இடுக்கில் காற்று கசியும். எனவே மக்கா மஸ்ஜிதில் லுஹர் தொழுதுவிட்டு, கூவம் பாலத்தைத் தாண்டிப் புதுப்பேட்டைக்குச் சென்றோம். கதவுகளும் கண்ணாடிகளும் எஞ்சின்களும் மலையாய்க் குவிந்த அந்தப் பேட்டை தனி உலகம். துருவற்ற இரண்டு ரிம்களை அங்கே மலிவாக வாங்கினோம்.

அங்கேயே பழைய டயர்களும் அடுக்கியிருந்தன. பளபளவென்று கறுத்து, புதியவற்றையும் விஞ்சிய அழகு. விலையோ புதியதில் கால் பங்கு. மச்சானின் கண்கள் அங்கே நிலைத்தன. ஒன்றைக் கையில் எடுத்து, பள்ளத்தின் அடியை விரலால் தடவினேன். ஆலையில் வார்த்த பள்ளத்தின் அடி வழுவழுப்பாக, ஒரே சீராக இருக்கும். இது கரடுமுரடாக இருந்தது, 1.6 மில்லிமீட்டர் மேட்டைக் காணவே இல்லை. மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் தோண்டி, மேலே மை பூசியிருக்கிறார்கள். தோண்டிய அளவுக்கு நூலடுக்கின் மேலிருந்த ரப்பர் மெலிந்துபோகும். புதுப்பேட்டையில் இரும்பை வாங்கலாம். ரப்பரை வாங்கலாகாது என்பது என் தீர்மானமான கருத்து.

மீண்டும் கடைக்கு வந்தபோது பணப் பேச்சு எழுந்தது. ஒன்று 2,600 ரூபாய். அப்போது வரி 28 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகக் குறைந்திருக்கிறது. "இந்தக் காரையே விற்றால் நாற்பதாயிரம் தேறாது. டயருக்கு மட்டும் பதின்மூவாயிரமா? நாலு போதும், ஸ்டெப்னி அப்படியே இருக்கட்டும்" என்றார் மச்சான். கடைக்காரர் வற்புறுத்தவில்லை. நான்தான் சொன்னேன்: "மச்சான், வண்டிக்கு விலை போட வேண்டாம். உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் வெயிலில் ஒரு டயர் பஞ்சரானால் மாமியை வைத்துக்கொண்டு அந்தப் பதினாறு வயதுப் பிள்ளையைத்தானே மாட்ட வேண்டும்?" சிறிது நேரம் வெற்றிலைக் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஐந்துக்கும் பில் போடச் சொன்னார்.

நான்கையும் ஒருசேர மாற்ற இயலாத குடும்பங்களும் உண்டு. அவர்கள் இரண்டு வாங்கினால் அவற்றைப் பின் சக்கரங்களில் மாட்டுவதே நன்று. முன்னால் மாட்டுவதே நம்மவர் வழக்கம். ஆனால் மழைச்சாலையில் பின்சக்கரம் பிடிப்பை இழந்தால் வண்டி சுழன்றுவிடும்; அதைத் திருத்துவது சாதாரண ஓட்டுநருக்கு அரிது.

வால்வுகளும் புதியவை போட்டு, பேலன்சிங், அலைன்மென்ட் முடிய அஸர் நேரமாயிற்று. பழைய டயர்களுக்குக் கடையில் தலைக்கு இருநூறு ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். அவை எங்கே போய்ச் சேரும் என்பதைச் சற்று முன்புதான் புதுப்பேட்டையில் கண்டிருந்தோம். மச்சான் வேண்டாமென்று சொல்லி, இரண்டைப் பின்னிருக்கையிலும் மூன்றை மேலே கட்டியும் ஊருக்கே கொண்டு வந்தார். மறுநாள் காலை, பக்கச் சுவரில் அரிவாளால் ஆழ வெட்டுப் போட்ட பிறகே படகுக்காரர்களிடம் கொடுத்தார். அவர்களுக்கு டயர் எந்நாளும் தேவை. படகு துறையில் மோதாமல் காக்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். 2009-ஆம் ஆண்டின் ஐந்தாவது வாரத்தில் பிறந்து பதினாறு ஆண்டுகள் சும்மா கிடந்த ஸ்டெப்னி, இப்போது ஏரித் துறையில் ஒரு படகின் இடப்புறத்தில் தொங்குகிறது.