ஆரணிக்குப் பத்தாயிரம் மிதி
(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

எங்கள் ஊர் தெள்ளார். வரலாற்றுத்துறை நண்பர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் உடனே மூன்றாம் நந்திவர்மனை இழுத்து வந்து நிறுத்திவிடுவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் படையை இங்கே முறியடித்ததால் அவனுக்குத் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று பெயர். நந்திக் கலம்பகத்தின் பாட்டுடைத் தலைவனும் அவனே. வடக்கே சற்றுத் தொலைவில் வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்ற களம் அது. யானையும் குதிரையும் பீரங்கியும் போன இந்த மண்ணில், கேரியரில் பட்டு மூட்டை கட்டிய ஒரு மிதிவண்டியும் முப்பது ஆண்டுகளாகப் போய் வந்திருக்கிறது. அதை எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

அந்த மிதிவண்டி என் அப்பாவுடையது. எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி உண்டு. ஆரணி முதலாளி ஒருவரிடம் பாவும் ஊடையும் ஜரிகையும் வாங்கி வந்து கூலிக்கு நெய்து கொடுப்பது தொழில். ஒரு பாவில் மூன்று சேலை வரும். மூன்றும் முடிந்ததும் அப்பா அவற்றைப் பழைய வேட்டியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, பழைய டியூபை வாராக அறுத்து கேரியரில் இறுக்கிக் கட்டி விடியுமுன் புறப்படுவார். தேசூர், சேத்துப்பட்டு வழியாக ஆரணி. ஒரு வழிக்கே ஐம்பது கிலோமீட்டர் போல ஆகும். மாலையில் அடுத்த பாவோடு திரும்புவார். பேருந்தில் போகலாமே என்று அம்மா கேட்டால், "கூட்டத்துல பட்டு கசங்கிடும்" என்பார். கையில் காசில்லாத நாட்களிலும் இதே பதில்தான்!

அப்பா நான்காம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். ஆனால் அந்தச் சாலையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். அவருடைய வரைபடத்தில் கிலோமீட்டர் கிடையாது. தேசூர் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு பம்பு செட்டு, தொட்டியில் முகம் கழுவலாம். அடுத்த திருப்பத்தில் இரண்டு நாய்கள் உண்டு; வேகமாக மிதித்தால் துரத்தும், மெதுவாகப் போனால் படுத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு மேடு, "அங்க எறங்கித் தள்ளிடணும், மேட்டோட மல்லுக்கட்டினா மூட்டை ஒரு பக்கமா சாஞ்சிடும்." சேத்துப்பட்டு மாதா கோவில் கண்ணில் பட்டால் பாதி வழி முடிந்தது. சின்ன வயதில் தறிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கோர்வைக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுக்கும் விடுமுறை நாட்களில் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, போகாமலே அந்தச் சாலை எனக்கு மனப்பாடம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் எங்கள் மாவட்டத்தை உலுக்கியது நினைவிருக்கும். குழித்தறிக்காரர்களுக்கு மழை என்றால் கூரை ஒழுகுவது மட்டும் கவலை இல்லை. கால் வைக்கும் குழியிலேயே தரைக்குள்ளிருந்து நீர் ஊறிவிடும். எங்கள் குழியில் முழங்கால் அளவு ஊறியது. இறைத்தால் மறுபடி ஊறும். பாவு ஈரம் குடித்துவிடக்கூடாதென்று தறியை நிறுத்திவிட்டோம். குழி காய ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த ஒரு மாதமும் கூலி இல்லை. தை முகூர்த்தத்துக்கு முன் சேலை வந்தாக வேண்டும் என்று முதலாளியிடமிருந்து இரண்டு முறை போன். அப்பா இரவில் விளக்கு வைத்துக்கொண்டு நெய்தார். அவருக்கு இடது கண்ணில் புரை விழுந்திருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. முழங்கால் வலி முன்பே உண்டு. சேலை முடிந்தது, கொண்டுபோக ஆள் இல்லை.

நான் போகிறேன் என்றேன். "பொம்பளப் புள்ள தனியா, அவ்ளோ தூரமா?" என்று அம்மா மறுத்தாள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 வாக்கில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்குவாரியில் வேலை செய்யும் பெண்கள் உட்பட எத்தனையோ ஆயிரம் பேர் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதை எடுத்துச் சொன்னேன். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். அம்மா அசையவில்லை. அப்பாதான் கடைசியில், "மூட்டையை நான் கட்றேன்" என்றார். அதுவே அனுமதி.

என்னுடையது பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. கியர் கிடையாது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 5 மீட்டர் நகர்கிறது. சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்து பார்த்தேன். அப்படியானால் ஆரணிக்குப் பத்தாயிரம் சுற்று! தறியிலும் மிதிக்கட்டை உண்டு. ஊடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மிதி. அப்பாவின் முழங்கால் ஏன் தேய்ந்தது என்று கணக்குப் பார்க்க எனக்கு இயற்பியல் தேவைப்படவில்லை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணிக்குப் புறப்பட்டேன். பனி. தேசூரை நெருங்கும்போதுதான் வெளுத்தது. பக்கத்திலேயே சீயமங்கலம். முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில் அங்கே இருக்கிறது. தூணில் சிவபெருமான் ஆடும் சிற்பம் உண்டு. நம் நாட்டில் கல்லில் வடித்த கூத்தபிரான் உருவங்களில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. மாமல்லபுரத்துக்குப் பேருந்து பிடித்துச் சுற்றுலா போகும் நாம், இதைப் போய்ப் பார்த்தோமா? அன்று நானும் நிற்கவில்லை. பம்பு செட்டு இருந்தது, தொட்டி உடைந்து கிடந்தது. நாய்கள் வேறு தலைமுறை. பழக்கம் அதே பழக்கம். மெதுவாகப் போனேன், படுத்துக்கொண்டன.

சேத்துப்பட்டு தாண்டியதும் மேற்கே அடிவானத்தில் நீலக்கோடு போலத் தெரிந்தது ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு அது. செய்யாறு அங்கேதான் பிறக்கிறது. செங்கம் வழியாக இறங்கி, இந்த வயல்களுக்கு நடுவே நடந்து, திருவத்திபுரத்தைத் தொட்டு, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. ஆரணியை ஒட்டி வரும் கமண்டல நாகநதியும் அதே மலையின் பிள்ளைதான். ஒரு மாதத்துக்கு முன் எங்கள் தறிக்குழியை நிரப்பிய அதே மழை இந்த ஆற்றையும் நிரப்பியிருக்க வேண்டும். பாலத்திலிருந்து பார்த்தால் மணலுக்கு நடுவே ஓர் ஓடை மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. இளவயதில் அப்பா குறுக்கு வழியென்று இந்த மணலில் இறங்குவாராம். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாராம். இப்போது அங்கங்கே மணல் போய்ப் பள்ளமாகக் கிடக்கிறது, தள்ள முடியாது.

மலையடிவாரம் வரை போகும் பாதையையும் சொல்லிவிடுகிறேன், கால் வலுவுள்ளவர்களுக்குப் பயன்படும். ஆரணியிலிருந்து சந்தவாசல் போய் மேற்கே திரும்பினால் படவேடு. சம்புவராயர்களின் தலைநகராக இருந்த படைவீடு அது. இன்று ரேணுகாம்பாள் கோயிலும் வாழைத் தோட்டங்களும்தான் கண்ணுக்குப் படும். கியர் இல்லாத வண்டியில் அதுவரை மிதித்துவிடலாம். தோழியர் இருவரோடு பிறகு ஒருநாள் போய் வந்தேன். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதை வேறு கதை. அதே மலைத்தொடரில் காவலூர் வானோக்கு நிலையம் இருக்கிறது. அங்கே 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் துறை ஆசிரியர்கள் பேருந்து ஏற்பாடு செய்தால் நலம். மிதிவண்டியில்தான் போக வேண்டுமென்று நான் அடம்பிடிக்க மாட்டேன்.

ஆரணி சேர்ந்தபோது மணி ஒன்பது ஆகவில்லை. முதலாளி சேலைகளைப் பாயில் விரித்து, முழம் முழமாக விரலால் தடவிப் பார்த்தார். மூன்றாவது சேலையில் முந்தானைக்கு முன்னால் இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஊடை தளர்ந்திருந்தது. இரவில் நெய்த இடம். கூலியில் பிடித்துக்கொண்டார். எவ்வளவு என்று எழுத விருப்பமில்லை. என் தேர்வுக் கட்டணத்தைவிட அதிகம். பிறகு கேட்டார்: "ஏம்மா, அப்பாவுக்குக் கண்ணு சரியில்லையா? அடுத்த பாவு யார் பேர்ல எழுதறது? நீ நெய்யறதா இருந்தா கோர்வை தர்றேன். அவர்னா, வேணாம்."

கோர்வைச் சேலைக்குக் கூலி அதிகம். எனக்கு நெய்யவும் தெரியும். நெய்தால் கல்லூரிக்குப் பாதி நாள்தான் வர முடியும். வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "பாவு வேணாம்னு சொல்லிட்டு வந்துடும்மா. உனக்குப் பரீட்சை இருக்கு. தறியைக் கழட்டிடலாம்" என்றார். பன்னிரண்டு வயதில் அந்தக் குழியில் கால் வைத்தவர் அவர். கழற்றிவிட்டு எங்கே உட்காருவார்?

உள்ளே போய், கரை கோர்க்காத சாதாப் பாவு ஒன்று கேட்டேன். கூலி குறைவு, கண்ணுக்கு வேலையும் குறைவு. அப்பா பெயரிலேயே எழுதச் சொன்னேன். முதலாளி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பேரேட்டில் எழுதினார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் அவருடைய கணக்கைப் பார்க்கிறார்.

திரும்பும்போது எதிர்க்காற்று. காற்றும் நாமும் எதிரெதிரே வரும் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும் என்று வகுப்பில் எழுதிக்கொண்டதைச் சேத்துப்பட்டுச் சாலையில் தொடைகளால் படித்தேன். அந்த மேட்டில் இறங்கித் தள்ளினேன். வீடு சேர விளக்கு வைத்துவிட்டார்கள். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். கேரியரில் பாவைப் பார்த்தார். ஏன் வாங்கினாய் என்று கேட்கவில்லை. டியூபை அவிழ்த்து, பாவை மடியில் வைத்துக்கொண்டு, இழையை இரண்டு விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "தேசூர்கிட்ட காத்து அடிச்சுதா?" என்றார்.

புதுப் பாவைப் பழைய பாவின் நுனியோடு இழை இழையாகப் பிணைக்க வேண்டும். விரலில் சாம்பல் தொட்டு முறுக்குவது, ஆயிரக்கணக்கான இழைகள். அப்பாவுக்குக் கண் தெரியாததால் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். மறுநாள் திங்கட்கிழமை மாலைதான் முடிந்தது. அன்றைய வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே விழுந்த கோட்டுக்கு இதுதான் காரணம் என்பதை எங்கள் வகுப்பாசிரியருக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.