மவுஞ்சாரோவா, வீகோவியா? ஒரு சின்ன த்ரெட்

1/ நெய்வேலி டவுன்ஷிப்ல வாக்கிங் போனாகூட இந்தக் கேள்விதான் வருது: "டாக்டர், எந்த ஊசி போட்டா வெயிட் குறையும்?" ரெண்டும் 2025ல் இந்தியாவுக்கு வந்தவை. வாரம் ஒரு ஊசி. ரெண்டுமே பசியைக் குறைக்கும்.

2/ கிலோ கணக்கு மட்டும் பார்த்தா மவுஞ்சாரோ (டிர்செபடைட்) முன்னாடி நிக்குது. ரெண்டையும் நேரடியா ஒப்பிட்ட ஆய்வில், 72 வாரத்தில் சராசரியா 20% எடை குறைஞ்சது. வீகோவியில் (செமாகுளுடைட்) 14%.

3/ ஆனா உங்க உடம்புல வேற என்ன இருக்குன்னு பாருங்க. ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு செமாகுளுடைட் பக்கம் வலுவான ஆதாரம் இருக்கு. குறட்டையோட தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா? அதுக்கு டிர்செபடைட்.

4/ சுகருக்கு கிளிமிபிரைடு, இன்சுலின் எடுக்கறவங்க கவனம். ஊசி ஆரம்பிக்கும்போது அதோட அளவைக் குறைக்க வேண்டி வரலாம். நைட் ஷிப்ட்ல மெஷின் ஓடும்போது லோ சுகர் ஆனா உயிருக்கே ஆபத்து.

5/ கர்ப்பிணிகள், குழந்தைக்குத் திட்டமிடறவங்க, குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு கேன்சர் இருக்கறவங்களுக்கு ரெண்டும் வேண்டாம். கணைய அழற்சி வந்திருந்தா முதல்லயே சொல்லிடுங்க.

6/ நிறுத்தினா எடை திரும்பும். ஓர் ஆய்வில் செமாகுளுடைடை நிறுத்தின ஒரே வருஷத்தில், குறைஞ்சதுல மூணில் ரெண்டு பங்கு திரும்பிடுச்சு. நாலு மாசத்துக்கு மட்டும் காசு இருக்குன்னா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யோசிங்க.

7/ மெடிக்கல் ஷாப்ல கேட்டு நீங்களே போட்டுக்காதீங்க. சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க. உங்களுக்கு எதுன்னு அதுலதான் தெரியும்.