மாக்பெத் மாண்ட ஊர்

மாக்பெத் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மூன்று சூனியக்காரிகள், தூங்கும் கிழ அரசனைக் குத்திய கட்டாரி, எத்தனை தேய்த்தும் கையில் இரத்தக் கறை போகவில்லையே என்று நள்ளிரவில் புலம்பும் ஒரு சீமாட்டி. கல்லூரியில் ஷேக்ஸ்பியர் படித்த பெண்மணிகளுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். நாடகம் பிரமாதந்தான்! ஆனால் சரித்திரம் என்ன சொல்கிறது? வாருங்கள், ஸ்காட்லாந்து வரையில் போய் விசாரித்துவிட்டு வருவோம்.

அபர்தீன் நகருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் லம்பானன் என்று ஒரு சிற்றூர். ஊருக்கு வெளியே, குன்றுச் சரிவில், மரங்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, நடுவில் ஒரு கற்குவியல். அதற்கு 'மாக்பெத்தின் கற்குவியல்' என்று பெயர். 1057-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்த ஊரில்தான், டங்கன் அரசனின் மகன் மால்கமுடைய படையிடம் சிக்கி, மாக்பெத் உயிர் துறந்தான். அருகிலேயே ஒரு பாறையைக் காட்டி, "தலையைக் கொய்தது இங்கே" என்றும் சொல்வார்கள். கற்குவியல் அவனுக்கும் மிக முந்தைய காலத்துப் புதைமேடு என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அதற்காக ஊரார் பெயரை மாற்றிவிடுவார்களா, என்ன?

இனி, நாடகத்தில் இல்லாத சங்கதிகளைக் கேளுங்கள். டங்கன் கிழவனே அல்ல, இளவயதுக்காரன். 1040-ல் எல்ஜின் நகருக்கு அருகே நடந்த சண்டையில் மாண்டான். பிறகு மாக்பெத் 17 வருஷம் அரசாண்டான். 1050-ல் ரோமாபுரிக்கு யாத்திரை போய், ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தான். நாடு கொந்தளித்துக் கொண்டிருந்தால் ஓர் அரசன் அவ்வளவு தூரம் போவானா?

அது சரி, அந்தச் சீமாட்டியின் பெயர் என்ன? நாடகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அவள் பெயர் குருவோக். அரச குலத்துப் பெண். 1032-ல் அவளுடைய முதல் கணவனையும் அவன் ஆட்கள் ஐம்பது பேரையும் எதிரிகள் தீயிட்டுக் கொன்றார்கள். லூலாக் என்ற மகனுடன் நின்றவளை மாக்பெத் மணந்து கொண்டான். லெவன் ஏரித் துறவிகளுக்கு நிலம் வழங்கிய தானப் பத்திரம் ஒன்றில் இருவர் பெயரும் அரசன், அரசி என்று சேர்ந்தே இருக்கின்றன. மாக்பெத்துக்குப் பின் பட்டத்துக்கு வந்த லூலாக்கையும் 1058-ல் கொன்று, மால்கம் அரசனானான்.

வென்றவன் வமிசம் நிலைத்தது. கதையும் அதற்கேற்ப வளர்ந்தது. சூனியக்காரிகள் ஹாலின்ஷெட் எழுதிய சரித்திரத்திலேயே வந்துவிட்டார்கள். 1606-ம் ஆண்டை ஒட்டி ஷேக்ஸ்பியர் அதை நாடகமாக்கியபோது, இங்கிலாந்தின் சிம்மாசனத்தில் இருந்தவர் மால்கம் வழிவந்த ஜேம்ஸ் மன்னர். வேறு எப்படி எழுத முடியும்?

நாடக அரங்குக்குள் 'மாக்பெத்' என்று உச்சரித்தால் அபசகுனம் என்று, 'ஸ்காட்லாந்து நாடகம்' என்றே ஆங்கில நடிகர்கள் சொல்வது வழக்கம். குருவோக்கின் பெயருக்கு அப்படித் தடை ஒன்றுமில்லை. அடுத்த தடவை அந்தச் சீமாட்டி மேடையில் கையைத் தேய்த்துக்கொண்டு வரும்போது, அந்தப் பெயரை ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.