யான் வளர்த்த செவ்விறால்

மனிதர் தம் ஓய்வுப் பொழுதைப் போக்குதற்குக் கைக்கொள்ளும் வழிகள் பல. சிலர் அஞ்சல்தலை சேர்ப்பர். சிலர் புறா வளர்ப்பர். சிலர் பூச்செடி வைத்துப் பேணுவர். யான் கைக்கொண்டது நன்னீர் இறால் வளர்ப்பு. இதனைக் கேட்ட நண்பர் பலரும் முதற்கண் வினவுவது ஒன்றே: "எப்பொழுது குழம்பு வைப்பாய்?" என்பது. தூத்துக்குடிக் கடற்கரையிற் பிறந்து வளர்ந்தவராகிய என் பாட்டியாரும், "ஏ ஐயா, தின்ன முடியாத இறாலுக்கா இத்தனை சீராட்டு?" என்று நகைத்தார். உண்டற்கன்றிக் கண்டு மகிழ்தற்கும் இனம் பெருக்குதற்குமே வளர்க்கப்பெறும் இச்சிற்றுயிரைக் குறித்தும், அதனிடத்து யான் கற்ற பாடம் ஒன்றைக் குறித்தும் இம்மலரின் வாயிலாகச் சில சொல்ல விழைகின்றேன்.

வண்ணமீன் கடைகளில் 'செர்ரி இறால்' என்று விற்கப்படும் இதன் தாயகம் சீனமும் அதனை அடுத்த கீழை நாடுகளுமாம். முழு வளர்ச்சி எய்திய பின்னும் இதன் நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலமே. ஆயுள் ஓராண்டு முதல் ஈராண்டு வரை. உயிர்நூலார் இதற்கு இட்ட பெயர் நியோகாரிடினா டேவிடி என்பது. சீன நாட்டிற் சமயப் பணி புரிந்துகொண்டே அந்நாட்டு விலங்குகளையும் செடிகளையும் ஆராய்ந்த ஆர்மான் டேவிட் என்னும் பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயரே இதனுள் அமைந்துள்ளது. பாண்டா என்னும் கரடியை 1869-ஆம் ஆண்டில் மேனாட்டார்க்கு அறிவித்தவரும் அவரே.

இவ்விறாலின் இயற்கை நிறம் சிவப்பன்று. ஓடைகளில் வாழ்வது பழுப்பும் புள்ளியும் கலந்து, கல்லினின்றும் சருகினின்றும் வேறு பிரித்தறிய ஒண்ணாதது. சற்றே சிவந்தவற்றைத் தெரிந்தெடுத்து, அவற்றின் வழித்தோன்றல்களுள் மேலும் சிவந்தவற்றைத் தெரிந்தெடுத்து, இவ்வாறு பல தலைமுறை முயன்று மாந்தர் ஆக்கியதே இச்செந்நிறம். தெரிந்தெடுத்தலை விட்டொழித்தால் நிறம் சிறிது சிறிதாக மங்கிப்போம். இதனை நண்பர்கள் நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஈரடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியொன்றைச் சென்னைக் கொளத்தூரில் வாங்கி எங்கள் இல்லத்து முன்கூடத்தில் வைத்தேன். ஆயினும் இறால் வந்தது ஆகஸ்டு மாதத்திலேதான். இடைப்பட்ட நாளில் தொட்டி வெறும் நீருடன் நிற்க, வந்தோர் எல்லாரும், "மீன் எங்கே?" என வினவிச் சென்றனர். கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்கள் அந்நீரிற் குடியேறிப் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும். உயிர்களின் கழிவினின்று எழும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற, பிறிதொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். முன்னைய இரண்டும் கொடிய நஞ்சு; பின்னையது அத்துணைத் தீங்கற்றது. இவ்வேற்பாடு நிறைவுறு முன்னர் இறாலை விடுவது உலை கொதிக்கு முன்னர் விருந்தினர்க்கு இலை போடுவது போலாம்.

தொட்டிக்கு வேண்டும் பொருள்கள் மிகுதியல்ல. குஞ்சுகளை உறிஞ்சிக்கொள்ளாத பஞ்சு வடிகட்டி ஒன்று, அதனை இயக்கும் காற்றுப் பம்பு ஒன்று, ஒருபிடி பாசி, உலர்ந்த நாட்டு வாதுமை இலை நான்கைந்து ஆகிய இவை போதும். நம் கல்லூரி விளையாட்டிடத்தின் ஓரத்தே உதிர்ந்து கிடந்து துப்புரவுப் பணியாளர்க்கு வேலை தரும் அவ்விலையே இறாலுக்கு அமுதம். நீரில் ஊறிய இலைமேற் படியும் நுண்ணுயிர்ப் படலத்தைத் தன் முன்கால்களால் ஓயாது கிள்ளிக் கிள்ளி உண்டு, ஈற்றில் நரம்பு மட்டும் எஞ்சுமாறு செய்துவிடும்.

பத்து இறால் வாங்கி வந்தேன். ஓரிரு திங்களில், பெண் இறாலின் கழுத்துக்குப் பின்னே சேணம் இட்டாற்போல் மஞ்சள் நிறக் கருத்திரள் தோன்றியது. பெண் தன் பழைய ஓட்டைக் கழற்றியவுடன் ஆண்கள் யாவும் நிலைகொள்ளாமல் தொட்டியெங்கும் நீந்தித் திரியும். அதன்பின் இருபது முப்பது முட்டைகள் வயிற்றின் கீழுள்ள நீச்சற்கால்களிடையே ஒட்டி நிற்கும். தாய் அவற்றை இரவு பகல் விசிறிக்கொண்டேயிருக்கும். விசிறாவிடின் அவை பூசணம் பற்றி அழியும். நீரின் வெப்பத்திற்கேற்ப மூன்று நான்கு கிழமையிற் குஞ்சுகள் வெளிப்படும். நம் நாட்டு ஆறுகளில் வாழும் பெரிய நன்னீர் இறாலின் குஞ்சுகள் கழிமுகத்து உவர்நீரை அடைந்தாலன்றிப் பிழையா. செவ்விறாலின் குஞ்சோ தாயின் முழு வடிவோடு, எள்ளினும் சிறிதாக, நன்னீரிலேயே பிறந்து அன்றே மேயத் தொடங்கிவிடும். வீட்டில் இனம் பெருக்குவோர்க்கு இதனை ஏற்றதாக்கியது இவ்வியல்பே.

இவ்வுயிர்க்குப் பகையாவன மூன்று. ஒன்று செம்பு: நம் குருதியில் இரும்பு செய்யும் தொழிலை இறாலின் குருதியிற் செம்பே செய்கின்றது, எனினும் நீரிற் கரைந்த செம்பு சிறிதாயினும் அதற்கு நஞ்சு. ஆகலின் செம்பு கலந்த மீன் மருந்துகளைத் தொட்டியருகே கொண்டுவருதல் தகாது. இரண்டாவது கோடை: நீரின் வெப்பம் முப்பது பாகையைக் கடந்தால் உயிர்வளி குன்றும், அக்காலத்து நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறிக் காற்றுப் படுமாறு செய்வேன். மூன்றாவது கொசு மருந்து. பூச்சியைக் கொல்லும் மருந்து, பூச்சிக்கு உறவினதாகிய இறாலையும் கொல்லும்.

நிற்க. ஆறு திங்களிற் பத்து நூறாயிற்று. அவற்றுள் சில குருதிபோற் சிவந்தன. பல வெளிறியும் பழுப்பேறியும் இருந்தன. வளர்ப்பு நூல் வல்லோர், நிறம் குன்றியவற்றை அவ்வப்போது கழித்துவிட வேண்டும் என்பர். யான் அவற்றை வலையில் அள்ளி வாளியில் இட்டதனைப் பாட்டியார் கண்டு, "இது எதுக்கு?" என்றார். காரணம் கூறினேன். "நிறம் குறைஞ்சா உயிர் குறைஞ்சுபோகுமாய்யா?" என்று வினவி, பின்கட்டில் தம் அறையில் இருந்த பழைய கல்தொட்டியைச் சுட்டினார். அன்று முதல் கழித்தவை எல்லாம் அங்கே சென்றன. அவித்த கீரையிலை ஒன்றை நாள்தோறும் இடுவது அவரது வழக்கமாயிற்று.

2023-ஆம் ஆண்டு நவம்பர் மழைக்குப் பின் ஒருநாள் மாலை எங்கள் தெருவிற் கொசுப்புகை அடித்தனர். முன்னறிவிப்பு இல்லை; யானும் வீட்டில் இல்லை. சன்னல் வழியே புகை முன்கூடத்திற் புகுந்தது. யான் திரும்பியபோது செவ்விறால்கள் தொட்டியில் மேலும் கீழும் துடித்துச் சுழன்றுகொண்டிருந்தன. நீரை மாற்றியும் பயனில்லை. மறுநாட் காலையில், இருநூற்றுக்கு மேற்பட்டவற்றுள் எஞ்சியவை மூன்றே. அவையும் பொழுது சாய்வதற்குள் மடிந்தன. பதினைந்து திங்கள் தெரிந்தெடுத்துச் சேர்த்த செந்நிறம் ஓர் இரவில் ஒழிந்தது.

பாட்டியாரோ இருமலுக்கு அஞ்சித் தம் அறையின் கதவும் சன்னலும் அடைத்திருந்தார். கல்தொட்டியில் ஓருயிரும் மாளவில்லை.

தொட்டியைக் கழுவி, மீண்டும் பொறுத்திருந்து, 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வெளிறிய இறால்களுள் இருபதனை முன்கூடத்துத் தொட்டியில் விட்டேன். அவற்றின் குஞ்சுகள் பெரும்பாலும் வெளிறியே இருந்தன. எனினும் நாலைந்து நன்கு சிவந்தன. மறைந்து கிடந்த நிறம் மறைந்தொழிந்ததன்று என்பதை அப்பொழுது கண்டேன். அந்நாலைந்தின் வழியாக, 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பழைய செந்நிறம் பெரிதும் மீண்டது.

செந்நிறம் வேண்டுவோன் தெரிந்தெடுத்தே ஆதல் வேண்டும். யானும் இன்னும் தெரிந்தெடுக்கின்றேன். ஆயின் தெரிந்தெடுத்தல் வேறு, தள்ளிவிடுதல் வேறு. முன்னதற்கு நல்ல கண் போதும்; பின்னதற்கோ, வருங்காலத்தில் எது வேண்டப்படும் எனும் அறிவு வேண்டும். அவ்வறிவு யாரிடத்தும் இல்லை. மதிப்பெண் பட்டியலின் அடியில் தம் பெயரைக் காண நேரும் மாணவ நண்பர்கட்கும், அப்பட்டியலை எழுதும் ஆசிரியப் பெருமக்கட்கும் இதனை விரித்துரைத்தல் வேண்டா.

இறுதியாக ஒன்று. இறால் மிகுந்துவிட்டதெனக் குளத்திலோ ஏரியிலோ விடுதல் கூடாது. செர்மனி நாட்டு நீர்நிலைகளில் இவ்வயல்நாட்டு இறால் புகுந்து நிலைபெற்றுள்ளது. மிகுந்தவை வேண்டுவோர் என்னிடம் வருக. சிவந்தவை வேண்டின் முன்கூடத்தில் உள்ளன. வெளிறியவை வேண்டின் பாட்டியாரைக் கேட்டல் வேண்டும். அவர் எளிதிற் கொடார்.