ஓலை

"ஓலை எப்போது வாசிப்பீர்கள், சாமி?" என்றுதான் மணவீட்டார் நம்மிடம் கேட்கின்றனர். நாம் வாசிப்பதோ காகிதம். பனையோலையில் எழுதிய காலத்தில் ஓலை என்றாலே கடிதம், ஆவணம் எனப் பொருள்பட்டது. அச்சொல் நம் கோவிலில் திருமண அறிவிப்பிற்கு நிலைத்துவிட்டது. ஆங்கிலேயர் இதனை 'பான்ஸ்' என்பர். பலரறியக் கூறுதல் என்பது அதன் பழம்பொருள். அவர்கள் குரலைப் பற்றிக்கொண்டனர். நம்மவர் ஏட்டைப் பற்றிக்கொண்டனர்.

இரகசிய மணங்களைத் தடுக்கவே 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் இவ்வறிவிப்பைத் திருச்சபை முழுமைக்கும் கட்டளையாக்கிற்று. மும்முறை என வரையறுத்தது 1563-ல் திரிதெந்தீன் சங்கம். 1983-ன் சட்டத்தொகுப்பு, முறைகளை வகுக்கும் பொறுப்பை ஆயர் பேரவைகளிடம் விட்டது.

ஒருமுறை, தகப்பன் கைவிட்டுப்போன பெண்ணொருத்தி சனிக்கிழமை மாலை நம்மிடம் வந்தாள். "அப்பா பெயரை வாசிக்க வேண்டாம், சாமி" என்றாள். உடன்வந்த பாட்டியோ, "வாசியுங்கள் சாமி, எங்கிருந்தாலும் அவன் காதில் விழட்டும்" என்றார். இரவெல்லாம் தயங்கினோம். காலையில் தாயின் பெயரை மட்டும் வாசித்தோம்.

மூன்றாம் ஓலையன்று கடைசித் தூணருகே நரைத்த தாடியுடன் ஒருவர் நின்றிருந்தார். ஓலை முடிந்ததும் அவரைக் காணவில்லை. அவர் யாரென்று பாட்டிதான் பிறகு நமக்குச் சொன்னார்.