பிரஜையான கதை

பிள்ளைக்குப் பெயர் வைப்பவர்கள் தாய் தகப்பன்மார். நம்பர் வைப்பது சர்க்கார். முன்னதற்குத் தொட்டில், சர்க்கரை, உறவினர் கூட்டம் எல்லாம் உண்டு. பின்னதற்கு வரிசையில் நின்றால் போதும்.

2017-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நாம், நம் சகதர்மிணி, ஒன்பது வயதுக் குமாரன், ஆறு வயதுக் குமாரத்தி ஆகிய நால்வரும் கனடா தேசத்துக்குக் குடியேறி, டொரான்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் இறங்கினோம். மன்னார்குடியில் பன்னிரண்டு வருஷம் உபாத்திமைத் தொழில் செய்துகொண்டிருந்தவர் ஏன் போனார் என்று நேயர்கள் கேட்கலாம். வயிற்றுக்காகவும் குழந்தைகளின் படிப்புக்காகவும் என்பதுதான் பதில். அதற்கு மேல் சமத்காரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

நாம் குடியிருந்தது ஒரு வீட்டின் நிலவறையில். 'பேஸ்மென்ட்' என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆயினும் அது நிலவறைதான். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். நாம் பெட்டிகளை அவிழ்க்கக்கூட விடவில்லை. "தம்பி, சட்டி பானையெல்லாம் பிறகு வாங்கலாம். முதலிலே போய் சின் நம்பர் எடுங்கோ. அது இல்லாட்டி இந்த நாட்டிலே நீங்கள் ஓர் ஆளே இல்லை" என்றார்.

சின் நம்பர் என்பது ஒன்பது இலக்கம் கொண்ட சமூகக் காப்புறுதி எண். ஓய்வூதியத்துக்கும் வேலையில்லாக் காலக் காப்புறுதிக்கும் கணக்கு வைப்பதற்காக 1964-இல் ஏற்படுத்தினார்கள். இப்போது அது இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது; வருமான வரியும் கட்ட முடியாது. முதல் இலக்கத்தைப் பார்த்தே சில செய்திகளை அறியலாம். ஒன்பதில் ஆரம்பித்தால் அவர் தற்காலிகமாக வந்தவர். நமக்கு ஒன்பதில் ஆரம்பிக்கவில்லை என்பதில் அன்று ஓர் அற்ப சந்தோஷம். அட்டை கொடுக்கும் வழக்கத்தை 2014-இல் நிறுத்திவிட்டார்களாம். ஒரு காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். கட்டணம் இல்லை, சிபாரிசு இல்லை, "நாளைக்கு வாருங்கள்" என்ற பேச்சும் இல்லை. அரை மணி நேரத்தில் குடும்பம் முழுவதும் எண்களாகி வெளியே வந்தோம்.

வைத்திய அட்டை அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. ஒன்டாரியோ மாகாணத்தில் புதிதாகக் குடியேறியவர் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. 2020-இல்தான் அதை எடுத்தார்கள். பிற்பாடு பத்து இலக்கமும் இரண்டு எழுத்தும் கொண்ட பச்சை அட்டை வந்தது. வரும்வரையில் குழந்தைகள் இருமினாலே நமக்குக் கை நடுங்கும். அந்த மூன்று மாதத்தில் நம் சகதர்மிணி வைத்த மிளகு ரசத்துக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்கலாம்.

எண்களைவிட நம்மை அதிகம் சங்கடப்படுத்தியது பெயர். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்று முன்னே நிற்கும், அவ்வளவே. பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நாம் நம் தகப்பனார் பெயரை எழுதினோம். சகதர்மிணியும் குழந்தைகளும் நம் பெயரை எழுதினார்கள். இதன் விளைவு, ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள்! குமாரனின் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் நம்மைப் பார்த்து, "நீங்கள் பையனுக்கு என்ன உறவு?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். தகப்பன் என்றோம். காகிதங்களை இரண்டு தடவை புரட்டிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

நம் பட்டத்தையும் அனுபவத்தையும் சரிபார்த்து, இங்கே கற்பிப்பதற்கு அனுமதி கிடைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. முதலில் தற்காலிக உபாத்தியாயர். வகுப்பில் பிள்ளைகள் 'மிஸ்டர்' என்று சேர்த்து நம் தகப்பனார் பெயரைச் சொல்லி நம்மைக் கூப்பிட்டார்கள். தகப்பனார் பெயரைச் சட்டென்று வாயில் வைக்கக் கூசி வளர்ந்தவர்கள் நாம். 2019-இல் அவர் காலமானபோது ஊருக்குப் போய்க் காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் காலையில் ஒரு சிறுவன் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து அந்தப் பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பிப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது.

அந்தப் பிரயாணம் பிற்பாடு ஒரு கணக்கில் வந்து நின்றது. கனடாவின் பிரஜையாக விரும்புகிறவர் மனுச் செய்வதற்கு முந்திய ஐந்து வருஷத்தில் 1,095 நாட்கள் இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். வெளியே போன ஒவ்வொரு பிரயாணத்தையும், போன தேதி, வந்த தேதி, காரணம் என்று எழுதவேண்டும். 'காரணம்' என்ற கட்டத்தில் 'தகப்பனார் மரணம்' என்று எழுதினோம். மன்னார்குடியில் தங்கிய பதினேழு நாட்களும் கழிந்தன. சட்டத்தைக் குறை சொல்லவில்லை, கணக்கு கணக்குதான்.

இவ்வளவு இருந்தும் 2020-ஆம் வருஷம் கோடையிலேயே நாள்கணக்கு நிறைந்துவிட்டது. ஆனால் மனுப் போட்டது 2022-இல். இந்த இரண்டு வருஷத் தாமதத்துக்குக் கனடா சர்க்கார் பொறுப்பல்ல. பொறுப்பாளி, மன்னார்குடி வீட்டின் கூடத்தில் தொங்கும் ஒரு தாமிரப் பத்திரம்.

நம் பாட்டனார் 1942-ஆம் வருஷப் போராட்டத்தில் சிறை சென்றவர். பெல்லாரிக்கு அருகேயுள்ள அலிபுரம் சிறையில் இருந்தார். சுதந்திரத்தின் வெள்ளி விழாவாகிய 1972-இல் தியாகிகளுக்கு வழங்கிய தாமிரப் பத்திரம் அவருக்கும் கிடைத்தது. வயதான காலத்தில் பேரன்களின் பெயர்கூட அவருக்கு மாறிப்போகும். சிறையில் கொடுத்த நம்பரை மட்டும் மறக்கவில்லை. கேட்டால் இங்கிலீஷில் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி, நிமிர்ந்து நிற்பார்.

கனடாவில் பிரஜையாகிறவர் ஒரு பிரமாணம் செய்யவேண்டும். அதில் முதல் வாசகமே முடியரசருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பதாகச் சொல்வது. நாம் மனுப் போட்டபோது ராணி எலிஸபெத் இருந்தார். 2022 செப்டம்பரில் அவர் காலமாகவே, நம் முறை வருவதற்குள் மூன்றாம் சார்லஸ் மன்னராகிவிட்டார். நம் பாட்டனார் சிறையிலிருந்தபோது இந்தியாவின் சக்கரவர்த்தி ஆறாம் ஜார்ஜ். அவருடைய பேரர்தான் இந்தச் சார்லஸ். ஆகவே பாட்டனாருக்கு விரோதமாகப் பாட்டனார் சிறைக்குப் போனார். பேரருக்கு விசுவாசமாகப் பேரன் பிரமாணம் செய்யவேண்டும். சரித்திரம் சில சமயங்களில் நாடகக்காரர்களைவிட மோசமாகக் கதை கட்டுகிறது.

டெலிபோனில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா இருந்தால் என்னடா சொல்லியிருப்பார்?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

வக்கீல்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. இந்தப் பிரமாணம் கூடாது என்று சிலர் வழக்குத் தொடர்ந்தபோது, 2014-இல் ஒன்டாரியோவின் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது ஒரு தனி மனிதருக்குச் செய்யும் பிரமாணம் அல்ல, இந்நாட்டின் ஆட்சி முறைக்குச் செய்வது என்று தீர்ப்புக் கூறியது. தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் மன்னார்குடிக் கூடத்தில் அது செல்லாது.

இதற்கிடையில் குமாரன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பாடத்தைக் கொண்டுவந்தான். 1914-ஆம் வருஷம் மே மாதத்தில் 'கோமகதா மாரு' என்ற ஜப்பானியக் கப்பல் 376 பேரை ஏற்றிக்கொண்டு வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. பெரும்பாலோர் பஞ்சாபிகள், எல்லோரும் பிரிட்டிஷ் சக்கரவர்த்தியின் பிரஜைகள். கனடாவும் அதே சக்கரவர்த்தியின் குடைக்கீழ்தான் இருந்தது. ஆனால் சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாமல் நேராக வந்தவர்களுக்கே அனுமதி என்று ஒரு விதி. இந்தியாவிலிருந்து நேராக வரும் கப்பலே கிடையாது! இரண்டு மாதம் கரையேற விடாமல் வைத்திருந்து, சிலரைத் தவிர மற்றெல்லோரையும் ஜூலையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2016-இல்தான் இந்நாட்டுப் பிரதம மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். "ஒரே ராஜாவுக்குப் பிரஜைகளாக இருந்தும் உள்ளே விடவில்லையே, அப்பா!" என்றான் குமாரன்.

அந்தக் கேள்வியில்தான் நமக்கு வழி தெரிந்தது. 'பிரஜை' என்ற ஒரே வார்த்தையால் இரண்டு பொருள்களை நாம் சுட்டி வருகிறோம். ராஜாவுக்கு அடங்கியவனும் பிரஜை. நாட்டை ஆளும் உரிமையில் பங்குள்ளவனும் பிரஜை. கனடாவிலேயே 1947-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி வரையில் 'கனடாப் பிரஜை' என்று சட்டப்படி ஒருவரும் இல்லை. எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகளே. அந்த மாதம் ஆட்டவாவில் நடந்த வைபவத்தில் முதல் நம்பர் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டவர் அப்போதைய பிரதம மந்திரி மெக்கன்ஸி கிங். நாட்டை ஆண்டவரே நம்பர் வாங்கித்தான் பிரஜையானார்.

நம் பாட்டனார் சிறைக்குப் போனது ஒரு மனிதரின் மேல் உள்ள கோபத்தினாலா? வரி கொடுப்பவனுக்கு ஆட்சியில் வாய் இல்லையே என்பதற்காக அல்லவா? அப்படிப் பார்த்தால், அவருக்குப் பிடிக்காத ஸ்திதியில்தான் நாம் இருந்துகொண்டிருந்தோம். வருஷந்தோறும் வரி கட்டினோம். ஆனால் பார்லிமெண்டுக்கு மாத்திரமல்ல, நாம் வேலை செய்யும் பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் சபைக்கு அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கவும் நமக்கு ஓட்டு இல்லை. இதை அம்மாவிடம் சொன்னோம். "உனக்குச் சரியென்று பட்டால் செய். ஆனால் தாத்தா பெயரைச் சாட்சிக்கு இழுக்காதே" என்றாள். அதுவும் நியாயம்தான்.

வீட்டுக்காரப் பெரியவருக்கு நம் சஞ்சலமே விளங்கவில்லை. "தம்பி, எங்களை நாடு விட்டது, நீங்கள் நாட்டை விடுறியள். நாங்கள் பிரமாணம் எடுத்த அண்டைக்கு இரவு முழுக்க அந்தப் பத்திரத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தனாங்கள்" என்றார். அதன் பிறகு அவரிடம் இந்தப் பேச்சை எடுக்க நமக்கு வாய் வரவில்லை.

பரீட்சை பெரிய காரியமல்ல. இருபது கேள்விகள், பதினைந்துக்குச் சரியான விடை எழுதினால் தேர்ச்சி. இருபத்திரண்டு வயது முதல் பிறருக்குப் பரீட்சை வைத்தே பழகியவர் ஒருவர் முதல் நாள் இரவு தூங்காமல் படித்ததைக் கண்டு குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

பிரமாணம் 2023 அக்டோபரில், நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின்மேல் நடந்தது. தொற்றுநோய்க் காலத்திலிருந்து பலருக்கும் இதைக் கம்ப்யூட்டர் மூலமாகவே நடத்துகிறார்கள். கத்தரிக்கோல் ஒன்றைத் தயாராக வைத்திருக்கச் சொன்னார்கள். உத்தியோகஸ்தர் பார்த்துக்கொண்டிருக்க, நிரந்தரவாசி என்பதற்கு அத்தாட்சியான பி.ஆர். கார்டை நாமே இரண்டாக வெட்டவேண்டும். அவ்வளவு நாள் பொன்போலக் காத்த அட்டை. சகதர்மிணி புடைவைக்கு ஓரம் வெட்டுவதைப்போல நேராக வெட்டினாள். நமக்குக் கோணலாகப் போயிற்று. பிறகு வலக் கையை உயர்த்திப் பிரமாணம். பூர்வ குடிகளுடன் செய்துகொண்ட உடன்படிக்கை உரிமைகளை மதிப்பதாக 2021-இல் சேர்த்த வாசகமும் அதில் உண்டு. அந்த இடத்தில் நம் குரல் தடையில்லாமல் வந்தது. மன்னர் பெயர் வந்த இடத்தில் குமாரன் நம்மை ஓரக்கண்ணால் பார்த்தான். சொல்ல வேண்டியதை முழுக்கச் சொன்னோம், விழுங்கவில்லை. குமாரத்திக்குப் பதினான்கு நிரம்பாததால் பிரமாணம் கட்டாயமில்லை. ஆனாலும் அவள் குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.

இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. வேறு நாட்டின் பிரஜையாக விரும்பி ஆனவர் இந்தியப் பிரஜையாக இருப்பது அத்துடன் முடிகிறது. பாஸ்போர்ட்டுகளை ஒப்படைத்தோம், ரத்து முத்திரையுடன் திரும்பி வந்தன. பதிலாக ஓ.சி.ஐ. அட்டைக்கு மனுப் போட்டோம். விஸா இல்லாமல் வந்து போகலாம்; பிதுரார்ஜிதமாக வரும் வயலை வைத்துக்கொள்ளலாம்; புதிதாக விளைநிலம் வாங்க முடியாது; ஓட்டு இல்லை. அம்மாவைப் பார்க்கத் தடை இல்லை என்பதே நமக்கு முக்கியமாக இருந்தது.

2025 ஏப்ரல் 28-ஆம் தேதி பார்லிமெண்டுத் தேர்தல். ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஓட்டுச்சாவடி. குமாரனுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. வேடிக்கை பார்க்க வந்தான். சின் நம்பரை ஒருவரும் கேட்கவில்லை. பெயரும் விலாசமும் உள்ள அத்தாட்சியைப் பார்த்துவிட்டு, ஜாபிதாவில் நம் தகப்பனார் பெயரில் நம்மைக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்கள். மறைவில் போய்ப் பென்சிலால் அடையாளமிட்டு, சீட்டை மடித்துக் கொடுத்து, பெட்டியில் போட்டோம்.

அடுத்தபடியாகச் சகதர்மிணி ஓட்டைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். பழக்கத்தினால் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். மேஜையிலிருந்த பெண்மணிக்கு ஒன்றும் புரியவில்லை. விரலில் காயமோ என்று நினைத்துவிட்டாள் போலும். பிளாஸ்திரி வேண்டுமா என்று கேட்டாள்.