தமுக்கத்துப் பலூன் பலகை

எண்பதுகளில் மதுரையில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சித்திரைத் திருவிழா இரண்டு. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியதும் ஊர்ப் பெரியவர்களின் திருவிழா முடிந்துவிடும். தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சி அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருக்கும், அது எங்களுடையது. மிளகாய்ப்பொடி தூவிய டெல்லி அப்பளம், ராட்டினம், மரணக் கிணற்றுக்குள் சுவரோடு சுவராகச் சுற்றும் மோட்டார் சைக்கிள் எல்லாம் உண்டுதான். ஆனால் கையில் இருக்கும் சில்லறையைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொட்டும் இடம் ஒன்றுதான்: பலூன் சுடுகிற கடை.

ஆள் உயரப் பலகை, அதன்மேல் கறுப்புத் துணி, துணியில் வரிசை வரிசையாகப் பலூன்கள். முன்னால் ஒரு பெஞ்சு. அதன்மேல் கிடக்கும் ஏர்கன்களின் மரக்கட்டை, எத்தனையோ கன்னங்கள் பட்டு வழவழப்பேறியிருக்கும். கடைக்காரர் துப்பாக்கியை நடுவில் மடக்குவார். உள்ளே ஸ்பிரிங் அமுங்கும். குழலின் பின்வாயில் ரவையைச் செருகி நிமிர்த்திக் கொடுப்பார். ரவை என்பது நாலரை மில்லிமீட்டர் ஈயம். இடுப்பு ஒடுங்கி, பின்புறம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். காற்றின் வேகத்தில் அந்த விரிந்த பகுதிதான் குழலோடு இறுகி, உள்ளே இருக்கும் வரிப்பள்ளங்களைப் பற்றிச் சுழன்று வெளியேறும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் வெடித்ததா இல்லையா என்பது மட்டுமே.

பலூன் கடைகள் நிறைய இருந்தன. நான் சொல்லும் கடைக்காரர் மற்றவர்களைப் போல இல்லை. அவர் பலகை, படிப்படியாக ஏறுகிற ஒரு பள்ளிக்கூடம். கீழ் வரிசையில் நன்றாக ஊதிய பெரிய பலூன்கள், சின்னப் பிள்ளைகளுக்கு. அதற்கு மேலே பாதி ஊதிய குட்டிப் பலூன்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விறைப்பாக ஊதிய பலூனில் ரப்பர் இழுபட்டு நிற்பதால் ரவை பட்ட மாத்திரத்தில் கிழிந்து வெடிக்கும். தொய்வான பலூனில் ரவை ஓட்டை மட்டும் போட்டுவிட்டுப் போகும். பலூன் புஸ்ஸென்று சுருங்கும். அதை அவர் கணக்கில் சேர்க்கமாட்டார்.

“பட்டுருச்சுல்லண்ணே, ஓட்டை தெரியுது பாருங்க.”

“சத்தம் வந்துச்சா தம்பி? வரலைல்ல. அப்ப இல்ல.”

சுருங்கவிடாமல் வெடிக்கவைக்க வேண்டுமானால், ரப்பர் மிக இறுகி நிற்கும் இடமாகப் பார்த்து அடிக்க வேண்டும். பலூனைத் தேடியவன் இப்போது பலூனுக்குள் ஒரு புள்ளியைத் தேடத் தொடங்குவான்.

மூன்றாவது படி சாக்பீஸ் துண்டுகள். பட்டால் வெள்ளைப் புகையாகத் தெறிக்கும். அதற்கும் மேலே நூலில் தொங்கும் சோடா மூடிகள். மூடியை அடித்தால் பாதி மதிப்பு, நூலை அறுத்து மூடியை விழவைத்தால் முழு மதிப்பு. கெட்டியான இரும்பை அவர் ஒருநாளும் தொங்கவிட்டதில்லை. அவ்வளவு கிட்டத்தில் இரும்பில் பட்ட ஈயம் சுட்டவன் முகத்துக்கே திரும்பி வரும். தொங்கும் தகர மூடி விலகிக் கொடுக்கும். கடைசிப் படி, கூட்டம் சேர்ந்த பிறகுதான் வெளியே வரும்: ஒரு மெழுகுவத்தி. மெழுகைத் தொடாமல் சுடரை மட்டும் அணைக்க வேண்டும். ரவை திரியை ஒட்டிப் போனால், அது கிளப்பும் காற்றிலேயே சுடர் அணைந்துபோகும். அணைந்த மறுகணம் சுற்றி நின்ற அத்தனை பேரும் போடும் கூச்சல் ராட்டினத்துக்குக் கேட்டிருக்கும்.

கடைக்காரர்கள் வேண்டுமென்றே குழலை வளைத்து வைத்திருப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வளைத்தார்களோ, அன்றாடம் கீழே விழுந்து தானாகக் கோணியதோ, குறி நேராக நின்ற துப்பாக்கியை நான் பார்த்ததில்லை. அதனால் விவரமானவர்கள் முதல் ரவையைப் பலூனுக்குச் செலவழிப்பதில்லை. கறுப்புத் துணியில் வெறும் இடமாகப் பார்த்துச் சுடுவார்கள். எங்கே விழுந்தது என்று பார்த்து, அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடிப்பார்கள்.

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து பாயிண்ட் டூ டூ ரைஃபிளைத் தொட்டபோது, இதே பாடம் சீருடை போட்டுக்கொண்டு வந்தது. மண்ணில் குப்புறப் படுத்து, தோளில் கட்டையை அழுத்தி, மூச்சைப் பாதியில் நிறுத்தி ஐந்து ரவுண்டு சுட வேண்டும். ஐந்தும் மையத்தில் விழ வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நெருக்கமாக விழ வேண்டும். அதற்குப் பெயர் ‘குரூப்பிங்’. ஐந்தும் ஒரே மூலையில் கொத்தாக விழுந்தால் கை சரி, குறியைத் திருத்திக்கொள்ளலாம். சிதறி விழுந்தால் திருத்த வேண்டியது ஆளை. காலி தோட்டாக்களை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடந்துபோய்க் காகிதத்தைப் பார்ப்போம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இலக்கு கிடையாது. ஆனால் அந்தக் காகிதம் வாயே திறக்காது. சுட்டதற்கும் தெரிந்துகொள்வதற்கும் நடுவே ஒரு நடை தூரம் இருந்தது. உற்சாகம் அதற்குள் வற்றிவிடும்.

விடுமுறையில் பெரியப்பாவின் தோப்பில் ஒரு பழைய ஏர்கன் கிடைக்கும். சாக்பீஸ், கொட்டாங்குச்சி, காய்ந்த சுரைக்காய், வெம்பி விழுந்த பப்பாளி, பக்கவாட்டில் நிறுத்திய சீட்டுக்கட்டுச் சீட்டு என்று தோப்பில் இலக்குக்குப் பஞ்சமில்லை. சீட்டை முகம் காட்டி வைத்தால் யாரும் அடிப்பார்கள்; விளிம்பைக் காட்டி நிறுத்தினால் கண்ணுக்கு ஒரு கோடுதான். எல்லாவற்றுக்கும் பின்னால் மணல் மூட்டை இருக்க வேண்டும், கண்ணாடிப் பாட்டிலைத் தொடக் கூடாது என்பது பெரியப்பாவின் சட்டம். பெரியம்மாவுக்கு வேறொரு சட்டம்: “உசுரு இருக்குறதச் சுட்டீங்க, சோறு கிடையாதுடா.” தென்னையில் ஓடிய அணில்கள் அவளால் பிழைத்தன.

சிறுவன் சாலிம் அலி பொம்மை ஏர்கனால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். கழுத்தில் மஞ்சள் தீற்றல் இருந்த அது என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். அந்தக் கேள்விதான் அவனைப் பறவையியலாளராக்கியது. பின்னாளில் தன் வாழ்க்கைக் கதைக்கு அந்தக் குருவி விழுந்ததையே தலைப்பாக வைத்தார். எல்லோருக்கும் குருவியிலிருந்து அப்படி ஒரு கேள்வி பிறப்பதில்லை. எங்களுக்குச் சுரைக்காய் போதும்.

பதில் சொல்லும் இலக்கின்மேல் இருக்கும் ஆசை எல்லா ஊருக்கும் பொதுதான் போலிருக்கிறது. மெக்சிகோவில் பிறந்த ‘சிலூயட்’ பந்தயத்தில் கோழி, காட்டுப்பன்றி, வான்கோழி, செம்மறிக்கிடா என நான்கு இரும்பு உருவங்கள். பெரிய ரைஃபிளுக்கு 200 மீட்டரில் தொடங்கி 500 மீட்டர் வரை நிற்கும். பட்டால் மட்டும் போதாது, உருவம் சாய்ந்து விழ வேண்டும். பனியில் சறுக்கிப்போய்ச் சுடும் பயத்லானில் 50 மீட்டர் தூரத்துக் கறுப்பு வட்டம், பட்டதும் வெள்ளையாக மாறிவிடும். மூச்சிரைக்க வந்தவனுக்கும், வேலிக்கு அப்பால் நிற்பவனுக்கும் ஒரே நொடியில் விடை தெரியும்.

2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் அதே நாலரை மில்லிமீட்டர் ஈயத்தைத்தான் துப்புகிறது. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இந்தப் போட்டியில்தான். ஒவ்வொரு ரவைக்கும் திரையில் தசம எண் வருகிறது, உச்சம் 10.9. 10.3-க்கும் 10.6-க்கும் உள்ள வித்தியாசம் தங்கத்தையே மாற்றும். அந்தத் துல்லியத்தை வணங்குகிறேன். ஆனால் திரையை மறைத்துவிட்டால், கூட நிற்பவனுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

தமுக்கத்தில் இப்போது மாநாட்டு மையம் நிற்கிறது. மெரினா மணலிலும் கோயில் திருவிழாக்களிலும் பலூன் பலகைகள் இன்னும் இருக்கின்றன. நின்று பார்த்தால் எல்லாம் ஒரே அளவுப் பலூன்கள். அடித்தால் அடுத்தது அதே மாதிரி இன்னொன்று. சாக்பீஸ் இல்லை, நூல் இல்லை, மெழுகுவத்தி இல்லை. போனது துப்பாக்கியோ மைதானமோ அல்ல, அந்தப் படிகள்தான். இன்று வெடிக்கவைத்தவனுக்கு நாளைக்கு எது கஷ்டமாக இருக்கும் என்று யோசித்து, சாயங்காலமே நூல் கட்டிவைத்த ஒரு மனிதரின் வேலை அது. அந்த வேலைக்கு ஒரு கட்டு நூலும் ஒரு பெட்டி சாக்பீஸும் போதும். எந்தக் கடைக்காரர் நினைத்தாலும் நாளைக்கே தொடங்கலாம்.